கற்பிட்டிக் கோட்டையும் எங்கள் பாராமுகமும்

உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் கற்பிட்டியில் யாரையும் தேடிப் போய் அழைக்க வேண்டியதில்லை. கோல் கம்பத்துக்கு வெள்ளை அடிக்க ஆள் வரும். கிழிந்த வலையைப் பொத்த, நாள் முழுக்க மீன்வலை பொத்துகிறவர்களே வந்து உட்காருவார்கள். கட்டாரில் இருக்கும் பிள்ளைகள் பரிசுப் பணம் அனுப்புவார்கள். புத்தளத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வரும் கழகங்களுக்குப் பகல் சாப்பாடு எந்த வீட்டில் என்பதுகூட முதல் நாளே முடிவாகியிருக்கும். இந்த அக்கறையில் பழுது சொல்ல எதுவும் இல்லை.

வந்தவர்கள் ஆட்டம் தொடங்குமுன் ஒன்று கேட்பார்கள்: "இங்க பழைய கோட்டை ஒண்டு இருக்காமே, பாக்கலாமா?" எங்கள் பதில் எப்போதும் தயார்: "அது நேவிக்காரங்கட இடம்."

அந்த ஒரு பதிலுக்குப் பின்னால்தான் இத்தனை காலமும் ஒளிந்திருக்கிறோம். கோட்டை கடற்படை வசம் இருப்பது உண்மை. போர்க் காலத்தில் அந்தப் பக்கம் போக அஞ்சியதும் உண்மை. ஆனால் போர் 2009இல் முடிந்தது. இப்போது வாசலில் அனுமதி கேட்டால் கடற்படை வீரர் ஒருவர் கூடவே வந்து சுற்றிக் காட்டுகிறார். தூர தேசத்திலிருந்து ஓங்கில் பார்க்க வருகிறவர்கள் கேட்டு உள்ளே போகிறார்கள். அதே தெருவில் பிறந்த நாங்கள் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கோட்டை அது. சதுர வடிவம், மூலைக்கொரு கொத்தளம், கடலில் எடுத்த பவளக் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர். உள்ளே கூரையிழந்து நிற்கும் தேவாலயம் அதற்கும் முந்திய போர்த்துக்கேயர் காலத்தது. கோட்டையை ஏன் இந்த முனையில் கட்டினார்கள் என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். புத்தளம் களப்புக்குள் நுழையும் கடல்வழி இங்கே இருக்கிறது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டுக்கும் இந்தியத் துறைகளுக்கும் இடையே அந்த வழியாகவே வணிகம் நடந்தது. வாயைப் பிடித்தால் கண்டியை நெருக்கலாம் என்று ஒல்லாந்தர் கணக்குப் போட்டார்கள். 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. இலங்கையின் மூன்று நூற்றாண்டு அரசியல் எங்கள் களப்பு வாயில் நடந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளோ காலி கோட்டையைப் பார்க்கப் பள்ளிச் சுற்றுலா போகிறார்கள்.

கல்லையாவது கடற்படை காக்கிறது. மனிதர்களை மறந்ததற்கு யார்மேல் பழி போடுவோம்? சைமன் காசிச்செட்டி 1807இல் இந்தக் கற்பிட்டியில் பிறந்தவர். 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றிய விவரத் திரட்டு ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் வந்த அவருடைய 'தமிழ் புளூடார்க்' தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்த முன்னோடி நூல். தமிழ்ப் புலவர் வரலாறு எழுதப் புகுந்த பின்னோர் பலர் அவரைத் தொட்டே தொடங்கினார்கள். அவர் எங்கள் ஊர்க்காரர் என்று வீட்டில் ஒரு தடவையாவது சொன்னோமா? எந்த அணியில் யார் முன்களம், யார் கோல் காப்பாளர் என்று ஒப்பிக்கிற சிறுவனுக்கு இந்தப் பெயரைச் சொல்ல மறந்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் இந்தக் குடாநாட்டில் வந்து தங்கினார்கள். ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, விட்டுவந்த ஊரின் பள்ளிவாசலையும் கிணற்றையும் தெருவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே பிறக்காத பிள்ளைகளும் அந்தப் பெயர்களை அறிந்து வளர்ந்தார்கள். ஊரை இழந்தவர்கள் அப்படிக் காத்தார்கள். எதையும் இழக்காத நாங்கள் பக்கத்திலேயே இருந்து விட்டுவிட்டோம். இதை நினைக்கும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் கழகங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுப்போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, இறுதி ஆட்ட நாளின் காலையைக் கோட்டைக்கு ஒதுக்குங்கள். வருகிற அணிகளின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கடற்படையிடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அங்கே கதை சொல்ல எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் சிலரை இப்போதே தமிழில் பழக்குங்கள். கிண்ணத்துக்குப் பெயர் தேடுகிறீர்களென்றால், காசிச்செட்டியின் பெயரை வையுங்கள்.