வேகமாக பைல் அனுப்பும் சாப்ட்வேர்: யாருக்கு லாபம்?

எவ்வளவு பெரிய பைலையும் மின்னல் வேகத்தில் அனுப்பலாம் என்று கூறி விற்கப்படும் சாப்ட்வேர்கள் நிறைய வந்துவிட்டன. கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிலேயே ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங் எனத் தொழில் தொடங்கும் நண்பர்கள் பலர், இதற்குச் சந்தா கட்டலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில், வேண்டாம் என்பதுதான். ஆனால் சில தொழில்களில் இது இல்லாமல் வேலையே நடக்காது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பைலின் அளவை பைட்டில் சொல்கிறோம்; இண்டர்நெட் வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே 10 ஜிபி திருமண வீடியோ என்பது 80,000 மெகாபிட். உங்கள் இணைப்பின் அப்லோட் வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால், அதை அனுப்ப 40,000 நொடிகள், அதாவது 11 மணி நேரத்திற்கு மேல் ஆகும். எந்த சாப்ட்வேரை வாங்கிப் போட்டாலும் அந்த 2 எம்பிபிஎஸ் இணைப்பில் 3 எம்பிபிஎஸ் போகாது. அதே வீடியோ, 100 எம்பிபிஎஸ் அப்லோட் தரும் பைபர் இணைப்பில் கால் மணி நேரத்திற்குள் போய்விடும். ஆகவே பணத்தை இணைப்பில் போடுங்கள். இணைப்பு வாங்கும்போது டவுண்லோட் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அப்லோட் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். (ஜிப் செய்தால் சிறிதாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜிப் செய்வதால் அளவு அநேகமாகக் குறையாது.)

அப்படியானால் இந்த சாப்ட்வேர்கள் ஏமாற்று வேலையா? இல்லை. இவை தீர்த்து வைக்கும் பிரச்னை வேறு. அது தூரம்.

இண்டர்நெட்டில் பைல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. வழக்கமான டிசிபி முறையில், ஓரளவு அனுப்பியதும் எதிர்முனையில் இருந்து "கிடைத்தது" என்ற பதில் வரும்வரை அனுப்பும் கம்ப்யூட்டர் காத்திருக்க வேண்டும். சென்னையில் இருந்து லாஸ் ஏஞ்சல்சுக்குப் போய்ப் பதில் வர ஏறக்குறைய கால் நொடி ஆகும். டிசிபியின் பழைய வடிவில் ஒரே தவணையில் 64 கிலோபைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. கால் நொடிக்கு 64 கிலோபைட் என்றால் வேகம் 2 எம்பிபிஎஸ்தான். 100 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருந்தாலும் இதே கதிதான்! இந்த எல்லையைத் தாண்ட 1992லேயே வழி சொல்லப்பட்டது. 2007ல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல், விண்டோஸ் இந்த அளவைத் தானாகவே கூட்டிக் கொள்கிறது. ஆனாலும் வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், பாதையில் நெரிசல் என்று கருதி டிசிபி வேகத்தைக் குறைத்துவிடும். தூரம் அதிகமாக இருந்தால் பழைய வேகத்திற்குத் திரும்ப நேரம் பிடிக்கும். 2004ல் தொடங்கப்பட்டு, பின்னர் ஐபிஎம் வாங்கிய ஆஸ்பெரா போன்ற நிறுவனங்கள், யுடிபி முறையில் இதற்கு மாற்று வழி செய்தன. தொலைந்த பொட்டலத்தை மட்டும் மறுபடி அனுப்பிக் கொண்டு, வேகம் குறையாமல் ஓடும்.

இதனால் பயன் பெறுவது யார்? ஹாலிவுட் படத்திற்கு கிராபிக்ஸ் செய்யும் சென்னை ஸ்டூடியோவை எடுத்துக் கொள்ளுங்கள். நமக்கு மாலை என்றால் அவர்களுக்குக் காலை. இங்கே முடித்த காட்சிகள் அவர்கள் அலுவலகம் திறக்கும் முன் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அங்கிருந்து திருத்தம் வராது. மறுநாள் இங்கே அத்தனை பேரும் சும்மா உட்கார வேண்டும், சம்பளம் மட்டும் ஓடும். இங்கு சந்தாத் தொகை ஒரு பொருட்டே அல்ல. தூரம், பெரிய பைல், அந்தப் பக்கம் கைகட்டிக் காத்திருக்கும் ஆள் என இந்த மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் வாங்கலாம்.

ஒரே ஊரில் இருக்கும் பிரிண்டிங் லேபுக்கு ஆல்பம் அனுப்புபவருக்கு இதில் எதுவும் இல்லை. அவருக்கு பென் டிரைவும் டூவீலருமே போதும். கேலி இல்லை, 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை 20 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப 9 நாட்களுக்கு மேல் ஆகும். அதற்குள் கூரியர் போய்ச் சேர்ந்துவிடும். அமேசானே 2016ல், 100 பெட்டாபைட் ஏற்றிச் செல்லும் ஸ்னோமொபைல் என்ற கண்டெய்னர் லாரியை அறிமுகப்படுத்தி, 2024ல்தான் நிறுத்தியது.

தினமும் பேக்கப் மட்டும் எடுப்பவர்களுக்கு, 1996ல் வந்த ஆர்சிங்க் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. பைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும்.

சந்தா கட்டும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் உங்கள் அப்லோட் வேகத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு 1 ஜிபி பைல் ஒன்றை, வழக்கமாக அனுப்பும் இடத்திற்கே அனுப்பி, எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 8,000த்தை அந்த நொடிகளால் வகுத்தால் உண்மையான வேகம் எம்பிபிஎஸ்சில் கிடைக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் புது சாப்ட்வேரால் பயனில்லை. பத்தில் ஒரு பங்குதான் வருகிறது என்றால், இலவச சோதனைக் காலத்தில் அந்த சாப்ட்வேரை முயன்று பார்க்கலாம். பெரும்பாலும் எதிர்முனையிலும் அதை இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு உங்கள் வாடிக்கையாளர் சம்மதிப்பாரா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.