நிறப் பார்வைக் குறைபாடு பல் மருத்துவத்துக்குத் தடையா?

பெங்களூரு: எம்பிபிஎஸ், பிடிஎஸ் ஆகிய இரு படிப்புகளுக்கும் நீட் தேர்வே பொதுவான நுழைவாயில். கர்நாடகத்தில் மாநில ஒதுக்கீட்டுக்கான கலந்தாய்வைப் பெங்களூருவிலுள்ள கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்துகிறது. நீட் மதிப்பெண், மாணவரின் கண் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியுமா என்பதைக் காட்டுவதில்லை.

இதுகுறித்த சட்ட நிலைப்பாடு கடந்த பத்தாண்டுகளில் மாறியுள்ளது. திரிபுராவில் நிறப் பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி எம்பிபிஎஸ் இடம் மறுக்கப்பட்ட இரு மாணவர்களை 2018-19 கல்வியாண்டில் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் உத்தரவிட்டது. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்டவருக்கு ஆதரவாக 2023 அக்டோபரில் தீர்ப்பளித்த அந்நீதிமன்றம், நியாயமான பணி வசதிகளைச் செய்துதர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என வலியுறுத்தியது. இவ்விரண்டும் பல் மருத்துவம் தொடர்பான வழக்குகள் அல்ல. எனினும், குறைபாட்டை மட்டுமே காரணமாக்கி ஒருவரை விலக்குவது எளிதன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

பல் மருத்துவத்தில் நிறம் இரு இடங்களில் முக்கியத்துவம் பெறுகிறது. முதலாவது, செயற்கைப் பல்லின் நிறத்தை இயற்கைப் பல்லுடன் பொருத்துவது. பரவலாகப் பயன்படும் நிற அளவுகோலில் ஏ, பி, சி, டி என்ற நான்கு பிரிவுகளில் 16 சாயல்கள் உள்ளன. அவற்றுக்கிடையிலான வேறுபாடு மிக நுண்ணியது. ஆயினும், நிறத்தை அளந்து கூறும் மின்னணுக் கருவிகளும் உதவியாளரின் கண்களும் இக்குறையை ஈடுசெய்ய இயலும்.

இரண்டாவது, நோயறிதல். ஈறு அழற்சியின் முதல் அடையாளங்களுள் ஒன்று சிவப்பு. வாய்க்குள் தோன்றும் வெண்படலத்தைவிட, அரிதாகக் காணப்படும் செம்படலமே புற்றுநோயாக மாறும் அபாயம் மிகுந்தது. இளஞ்சிவப்புத் திசுவின் நடுவே அந்தச் சிவப்பைத் தவறவிட்டால் பாதிக்கப்படுபவர் நோயாளியே. வாய்ப் புற்றுநோய் பரவலாக உள்ள இந்தியாவில் இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

சிவப்பு-பச்சைக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடமே அதிகம் காணப்படுகிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு இது உள்ளது. பிறவியிலேயே அமைவதால், பலர் பரிசோதிக்கும் வரை இதை அறிவதில்லை. தன் குறையை அறிந்தவர் தொட்டுப் பார்ப்பார், ஒளியை மாற்றிப் பார்ப்பார், சந்தேகம் எழுந்தால் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார். அறியாதவருக்கு அந்தச் சந்தேகமே எழாது.

எனவே, முதலாண்டிலேயே அனைத்து மாணவர்களுக்கும் இஷிஹாரா தட்டுகள் கொண்டு பரிசோதனை செய்வதே பொருத்தமான தீர்வு. சில நிமிடங்களே ஆகும் அச்சோதனையின் முடிவு, மாணவரை வெளியேற்றுவதற்கு அல்லாமல், அவருக்கு ஏற்ற பயிற்சியை வகுப்பதற்குப் பயன்பட வேண்டும். வெளியேற்றப்படும் அச்சம் நீடித்தால் மாணவர்கள் குறையை மறைக்கவே முற்படுவர். அதன் விளைவு நோயாளியையே சென்றடையும்.