வேதாரண்யத்துக்கு மிதிப்போம், வாருங்கள்

தோழர்களே,

இந்தச் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தை அமாவாசை முடிந்து வரும் முதல் சனியும் ஞாயிறும் நமக்கு வேண்டும். முதல் நாள் திருச்சியிலிருந்து கல்லணை, திருவையாறு, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம். மறுநாள் நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம், அங்கிருந்து கோடியக்கரை. மொத்தம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். "மாசியில் வைத்துக்கொள்ளலாமே, பங்குனியில் வைத்துக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்கிறீர்கள். முடியாது தோழர்களே. அந்த நாளைக் குறித்தது நம் வசதி பார்த்து அல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடக்கும் வேதாரண்யம் உப்பளங்களில் தை பிறந்த பிறகுதான் வேலை சூடு பிடிக்கும். பாத்தியில் தேங்கிய சேற்றை வாரிக் கொட்டி, வரப்பைக் கட்டி, தரையை மிதித்து மிதித்து இறுக்கி, அதற்குப் பிறகுதான் உவர்நீர் பாய்ச்சுவார்கள். இதில் பெரும்பகுதி வெறுங்காலோடு நடக்கும் வேலை. அகஸ்தியம்பள்ளிப் பக்கம் ஒரு அக்காவின் காலை நம்மில் சிலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். குதிகால் வெடிப்புக்குள் உப்பு வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. விரல் இடுக்கெல்லாம் புண். புண்ணின் மேல் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் பாத்திக்குள் இறங்கினார். வெயில் ஏறியதும் வெள்ளை உப்பிலிருந்து எழும் கூச்சம் நம் கண்ணையே சுருக்க வைத்தது. அவர் அங்கே நாள் முழுக்க நிற்கிறார், வருடக்கணக்காக. அன்று நம்மில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. இப்போது பேசியாக வேண்டும்.

இந்தப் பயணத்தில் சேரும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கால்களுக்கும் கண்களுக்கும்தான்: பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, ஒரு நாள் கண் மருத்துவ முகாம். பருவம் தொடங்கும்போதே கையில் கொடுத்தால்தான் பயன். பங்குனி வெயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதிப் பருவம் புண்ணோடு போயிருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நாமாக எதையும் தீர்மானித்து வாங்கக் கூடாது. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் அதுவே பெரிய தொல்லை என்று அங்கேயே சிலர் சொன்னார்கள். எந்த அளவு, எந்த உயரம், பூட்ஸ் வேண்டுமா, வேறு எதுவும் வேண்டுமா என்று உழைக்கிறவர்களையே கேட்டு, அவர்கள் சொல்வதை வாங்குவோம்.

கணக்கு எளிது. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் நீங்கள் ஊர் போய்ச் சேரும்போது 200 ரூபாய். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் ஏறக்குறைய ஒரு ஜோடி பூட்ஸ். பத்துப் பேரைப் பிடியுங்கள். அலுவலகத்தில் கேளுங்கள், மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். நம் சாப்பாடு, தங்கும் செலவு, பஞ்சர் செலவெல்லாம் நம் பையிலிருந்துதான். நன்கொடையில் ஒரு பைசா நமக்காகப் போகக் கூடாது. அதனால்தான் பனியன் கிடையாது, பதக்கம் கிடையாது. ஃப்ளெக்ஸ் பேனர் கட்டவே கூடாது. பிளாஸ்டிக்குக்கு எதிராக ஊர் ஊராகப் பேசப் போகிறவர்கள் பிளாஸ்டிக் துணியைக் கட்டிக்கொண்டு போவதை என்னால் ஏற்கவே முடியாது. பழைய வேட்டியில் சாயத்தால் எழுதுவோம், போதும்.

அமாவாசைக்கு மறுவாரம் என்று குறித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமாவாசையன்று கோடியக்கரைக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வரும். கூட்டம் கலைந்த பிறகு தண்ணீர்ப் பாக்கெட், சோறு ஒட்டிய பை, கற்பூர உறை எல்லாம் காட்டோரத்தில் கிடக்கும். அது சாதாரணக் காடா? 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் ஈரநிலம். வெளிமான் மேயும் புல்வெளி. பூநாரைகள் வந்து இறங்கும் சதுப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அன்று சாய்ந்த மரங்களை இன்னும் மறக்காத ஊர்கள் நம் வழி நெடுக இருக்கின்றன. தென்னையைப் பிள்ளையாக வளர்த்து ஒரே இரவில் இழந்தவர்களிடம் பருவநிலை மாற்றம் பற்றி நாம் பாடம் நடத்தப் போகவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்கப் போகிறோம். ஞாயிறு மாலை வனத்துறை அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் குப்பை பொறுக்குவோம். அனுமதி இல்லாத இடத்தில் ஒரு காலடியும் வைக்கக் கூடாது.

இந்த வழியைத் தேர்ந்ததன் வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். 1930 ஏப்ரல் 13 அன்று உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்தார்கள். பதினைந்து நாள் நடை. ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள், 30ஆம் தேதி உப்பை அள்ளினார்கள், ராஜாஜி கைதானார். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கும்பகோணத்தில் வெளிப்படையாகவே விருந்து வைத்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை தன் சொத்தையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்து அவர்களைத் தாங்கினார். அவ்வளவு பேர் அடிபட்டு உரிமை வாங்கிய உப்பை இன்று வாருகிறவர் காலில் ஒரு செருப்புக்கு வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது.

"சைக்கிளில் போனால் சுற்றுச்சூழல் மாறிவிடுமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். காரில் போகிறவனை ஊர் பார்ப்பதில்லை. அவனும் ஊரைப் பார்ப்பதில்லை. ஐம்பது சைக்கிள் வரிசையாகத் தேநீர்க் கடை வாசலில் நின்றால், "எங்கேர்ந்து வர்றீங்க, எதுக்கு?" என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும். பதில் சொல்லும்போது நம் கையில் எவர்சில்வர் டம்ளர் இருக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடையில் இருக்கும் பிளாஸ்டிக் பூச்சுக் குவளையை நாமே வாங்கிக் குடித்துவிட்டு என்ன பேச முடியும்? ஆளுக்கொரு டம்ளர், ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பி, ஒரு மஞ்சப்பை. பின்னால் ஒரே ஒரு வண்டி வரும், முதலுதவிக்கும் முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளவும். ஆளுக்கொரு கார் தொடர்ந்து வருவதாக இருந்தால் தயவுசெய்து வராதீர்கள்.

வழியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை வாடைக்காற்று நேர் எதிரே அடிக்கும். இந்த நாற்பது கிலோமீட்டர்தான் முதல் நாளின் சோதனை. ஒற்றை வரிசையில் போவோம். முன்னால் போகிறவர் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் ஒதுங்கிக் கடைசிக்குப் போவார், அடுத்தவர் முன்னே வருவார். பலசாலிகள் அதிக நேரம் முன்னால் நில்லுங்கள். குழி தெரிந்தால் கை காட்டிக் குரல் கொடுங்கள், அந்தக் குரல் கடைசி ஆள் வரை போய்ச் சேர வேண்டும். கடைசியில் நம் அனுபவசாலிகளில் ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் தனியாக விடப்பட மாட்டார்கள். மறுநாள் தெற்கே திரும்பியதும் அதே காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும்.

அது சம்பா அறுவடைக் காலம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். சக்கரம் நெல்மேல் ஏறினால் வழுக்கும் என்பது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அங்கே பத்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

பெண் தோழர்களே, உங்கள் பெயர்கள் பட்டியலில் மிகக் குறைவாக இருக்கின்றன. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கூலிப் பெண்களும் குவாரிப் பெண்களும் ஆயிரம் ஆயிரமாகச் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசிய ஊர் வாயடைத்துப் போனது. அவர்கள் பழகியது வாடகைச் சைக்கிளில், ஆண்களுக்கான பார் வைத்த வண்டியிலும்கூட. கியர் சைக்கிள் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும், பள்ளியில் கொடுத்த சைக்கிளே இந்த வழிக்குத் தாங்கும். செயின், பிரேக், டயர் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

இன்றிரவே பெயர் கொடுங்கள். பணம் தருகிறவர்களின் பட்டியலை நாளையே தொடங்குங்கள். வரும் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவானைக்காவலில் கூடுவோம். உத்தமர்சீலி வழியாகக் கல்லணை போய்த் திரும்புவது முதல் பயிற்சி. கூடுதல் டியூபும் பம்ப்பும் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், இல்லாதவர்களுக்குப் பஞ்சர் ஒட்ட அங்கேயே கற்றுக்கொடுப்போம். வரும்போது தனியாக வராதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரையாவது எழுப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.