கட்டுச்சோறும் கைப்பேசியும்

நெடுவழிப் பிரயாணம் செல்பவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது நம் பழைய வழக்கம். எத்தனை நாளைக்கு, எத்தனை பேருக்கு, எது கெடாமல் இருக்கும் என்றெல்லாம் வீட்டிலுள்ள பெண்மணிகள் கணக்குப் பார்த்தே புளியோதரை கிளறுவார்கள். இக்காலத்துப் பிரயாணிக்கு 'டேட்டா'வும் ஒரு கட்டுச்சோறுதான். ஆனால் சோற்றுக்குப் பார்க்கும் கணக்கை இதற்கு நாம் பார்ப்பதில்லை.

எங்கள் திருவேங்கடத்தில் என்னிடம் வாசிக்கும் பையன் ஒருவனுடைய தகப்பனார் லாரி ஓட்டுகிறார். சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் கேரளம் செல்வது அவர் தொழில். சரக்குச் சீட்டு, வழி விசாரணை, வாடகைப் பணம், வீட்டாரோடு இரண்டு வார்த்தை எல்லாம் கைப்பேசியில்தான். "எந்த பேக் போட்டால் கட்டுப்படியாகும், ஸார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னது நேயர்களுக்கும் உபயோகப்படலாம்.

முதலாவது, நாள் கணக்கு. வருஷத்துக்கு மாதம் பன்னிரண்டு என்பது நம் பஞ்சாங்கம். 28 நாளுக்கொரு தரம் ரீசார்ஜ் செய்கிறவருக்கோ வருஷத்துக்கு 13 மாதம்! இதைக் கண்டுதான், 30 நாள் பேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று டிராய் ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். பேச்சுக்கு, 280 ரூபாய்க்கு 28 நாள் என்றால் நாளொன்றுக்கு 10 ரூபாய். 300 ரூபாய்க்கு 30 நாள் என்றாலும் அதே 10 ரூபாய்தான். முன்னது மலிவு என்பது வெறும் கண்மயக்கம்.

இரண்டாவது, செலவின் தன்மை. 'தினம் இத்தனை ஜிபி' என்னும் பேக்கில் மிஞ்சியது நள்ளிரவோடு கழிந்துபோகும். லாரிக்காரருக்கு வண்டி ஓட்டும் நாளில் டேட்டா அதிகம் செலவாவதில்லை. சரக்கு இறக்கக் காத்துக்கிடக்கும் நாளிலோ அந்தப் பங்கு போதுவதில்லை. அவருக்கு, காலம் முழுவதற்கும் மொத்தமாக அளந்து கொடுக்கும் பேக்கே பொருத்தம். போகும் வழியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் செலவு இன்னும் குறையும்.

மூன்றாவதுதான் முக்கியமானது: சிக்னல். மலையும் காடும் அலைகளை மறைக்கும். சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு பையனுக்குக் கடுங்காய்ச்சல். விலை குறைவென்று வாங்கிய ஸிம், மலைப்பாதையில் ஊமையாகிவிட்டது. மறுநாள் காலை புனலூரில்தான் தகப்பனாருக்குச் செய்தி கிடைத்தது. பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்த இரவு அந்தத் தாய் பட்ட பாட்டுக்கு எத்தனை ரூபாய் மிச்சம் ஈடாகும்?

ஆகவே, நாம் போகிற பாதையில் எது எடுக்கிறது என்பதை அதே பாதையில் போகிறவர்களிடம் விசாரிப்பதே நலம். 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல். நம் நாட்டிலேயே உருவான 4ஜி சாதனங்களைக் கொண்டு தன் சேவையை நாடெங்கும் தொடங்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அபிமானம் வேறு, சிக்னல் வேறு. அதையும் சோதித்தே வாங்க வேண்டும். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. ஆனால் மாறும்போது பழைய பேக்கில் மீந்த நாட்கள் கூட வருவதில்லை. எனவே சோதித்துப் பாராமல் 84 நாளுக்கோ ஒரு வருஷத்துக்கோ மொத்தமாகப் பணம் கட்டுவது விவேகமன்று.

கடைசியாக, வீட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேசுவதற்கு மட்டுமே கைப்பேசி வைத்திருக்கும் பாட்டிக்கு டேட்டா எதற்கு? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றேனும் தர வேண்டுமென்று 2024 டிசம்பரில் டிராய் விதித்திருக்கிறது. கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதில் மிஞ்சும் பணத்தை, வழியிலிருப்பவருக்கு நல்ல சிக்னல் வாங்கச் செலவிடலாம். கட்டுச்சோற்றில் பெரிய பங்கு தூரம் போகிறவருக்குத்தானே!