எந்தப் பெர்னாண்டோ?

நம்ம கடற்கரையில் நின்று "பெர்னாண்டோ!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பேர் திரும்புவார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு வந்து இறங்கிய பெயர் அது. ஆனாலும் குழப்பம் கிடையாது. "எந்தப் பெர்னாண்டோலே? மணப்பாடா, புன்னைக்காயலா?" என்று கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

இப்படிக் கேட்காத கணினி மொழிகள் மேல்தான் எனக்குக் கோபம்.

பைத்தான் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள். ஒழுங்காக ஓடிய புரோகிராமின் தலையில் 'ஃப்ரம் ஓஎஸ் இம்போர்ட் ஸ்டார்' என்று ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான், ஃபைல் திறக்கவில்லை. ராத்திரி ஒரு மணி வரை ஃபைலைத் திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், 'ஓஎஸ்' மாட்யூலுக்குள்ளும் 'ஓப்பன்' என்று ஒருவன் இருக்கிறான். அவன் வந்து பழைய 'ஓப்ப'னை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பைத்தான் வாயே திறக்கவில்லை. ஸ்டார் போட்டது என் தப்புதான். அதற்காக, கடைசியாக வந்தவனுக்கே இடம் என்பது என்ன நியாயம்? பெயர் மோதினால் மொழி அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டாமா?

ஜாவா இதில் தேவலை. 'ஜாவா.யூடில்', 'ஜாவா.ஏடபிள்யூடி' இரண்டையும் ஸ்டார் போட்டு இழுத்துவிட்டு, வெறுமனே 'லிஸ்ட்' என்று எழுதினால் கம்பைல் ஆகாது. எந்த லிஸ்ட் என்று ஊரைச் சொல்லியாக வேண்டும். 'ஜாவா.யூடில்.லிஸ்ட்' என்று முழுசாக அடித்தால் விரல் வலிக்கிறதாம் சிலருக்கு. வலிக்கட்டுமே!

நான் இப்போதெல்லாம் 'இம்போர்ட் ஓஎஸ்' என்று மட்டும் போட்டு, 'ஓஎஸ்.' என்று ஊர்ப் பெயரோடுதான் கூப்பிடுகிறேன்.