பம்பைக் குறை சொல்லும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பனின் சின்ன ஃபைபர் போட்டில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கேத்தாம் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போனோம். நண்பன், அவன் மாமா, நான். மெதுவாகப் போகும்வரை ஒரு தொல்லையும் இல்லை. முழு வேகம் கொடுத்த சில நிமிடங்களில் அவுட்போர்டு இன்ஜினின் சத்தம் தொய்ந்தது, இரண்டு முறை இருமியது, அடங்கிவிட்டது. நீரோட்டம் எங்களைக் கப்பல் பாதைப் பக்கம் இழுத்தது. தூரத்தில் ஒரு கண்டெய்னர் கப்பல். அதற்கு பிரேக் கிடையாது. மிக அருகில் போய்விட்டால், மேலே நிற்பவர் கண்ணுக்கு நாங்கள் தெரியவே மாட்டோம்.

"போன வாரம்தான் புது ஃபியூவல் பம்ப் மாட்டினேன் மாமா!" என்று நண்பன் புலம்பினான். முன்பும் இதே கோளாறுதான். பட்டறையில் பம்பை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

"மொதல்ல நங்கூரத்தப் போடுடா" என்றார் மாமா. "பந்தத் தொட்டுப் பாத்தியா?"

பெட்ரோல் டாங்கியிலிருந்து வரும் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்தைத்தான் சொன்னார். அது சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. மாமா டாங்கி மூடியில் இருந்த சின்னத் திருகைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. பந்து உப்பியது. நாலு அமுக்கு அமுக்கியதும் இன்ஜின் கிளம்பிவிட்டது.

பம்ப் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வழி அடைத்திருந்தால் எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. மெதுவாகப் போகும்போது கொஞ்சம் பெட்ரோல் போதும் என்பதால் குறை தெரியாது. காரில் ஏற்றும்போது வாடை வராமலிருக்க நண்பன் திருகை மூடுவான். அது சரிதான். தண்ணீரில் இறக்கியபின் திறக்க மறந்திருக்கிறான்.

அந்தப் பந்து நிறையச் சொல்லும். ஒட்டிப்போனால் பந்துக்கு முன்னால், டாங்கிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமுக்கியும் இறுகாவிட்டால் குழாயில் எங்கோ காற்று புகுகிறது, இல்லை பந்தின் வால்வு போய்விட்டது. வேகம் குறையும்போது பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் இன்ஜின் தேறுகிறதா? அப்போதுதான் பம்பின் ரப்பர் சவ்வைச் சந்தேகிக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் எஞ்சின் ஆயில் அளவு கூடி, பெட்ரோல் வாடை அடித்தால் சவ்வு கிழிந்திருக்கலாம், அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

சத்தத்தை வைத்துப் பிழைப்பவன் என்பதால் ஒன்று கவனித்தேன். பெட்ரோல் கிடைக்காத இன்ஜின் பெரும்பாலும் இழுத்து இழுத்துத்தான் சாகும். சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள்.

நம் ஈரக் காற்றில் பாதி காலியான டாங்கிக்குள் தண்ணீர் சேரும். நீர் பிரிக்கும் ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். வெடித்த குழாயை டேப் சுற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். பெட்ரோலைக் கரையில் வைத்தே ஊற்றுங்கள், போட்டுக்குள் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கழற்றிய பழைய பம்ப் நண்பனின் காரிலேயே கிடந்தது. கரை ஏறியதும் மாமா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தூக்கிப் போட்றாதடா. நல்ல பம்பு."