பெருவெம்பு மிருதங்கமும் ஆர்டர் கணக்கும்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த பெருவெம்பு கிராமத்தில், மத்தளமும் செண்டையும் இடக்கையும் மிருதங்கமும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற குடும்பங்களுக்கு, புவிசார் குறியீடு பெற்ற பாலக்காட்டு மத்தளம் தேடித் தந்த கீர்த்தி பெரிது. ஆனால் அந்தக் கீர்த்தியால் வந்து சேரும் ஆர்டர்களை, வாங்கிய முன்பணம் முதல் வாக்களித்த தேதி வரை, நோட்டுப் புத்தகத்தையும் ஞாபகத்தையும் மட்டுமே நம்பி நிர்வகிப்பது இனிச் சாத்தியமன்று என்பது என் திடமான அபிப்பிராயம். கணினி மென்பொருள் இவர்களுக்கும் அவசியம். எத்தகைய மென்பொருள் என்பதே விசாரிக்கவேண்டிய விஷயம்.

கடைத்தெருவில் கிடைக்கும் பில்லிங் மென்பொருள்கள் பெரும்பாலும் மளிகைக்கும் ஜவுளிக்கும் ஏற்பட்டவை. சரக்கின் பெயர், எண்ணிக்கை, விலை, வரி ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டு ரசீது போட்டுவிடும். மிருதங்க ஆர்டரோ அவற்றில் அடங்குவதில்லை. ஆண் குரலுக்குப் பக்கவாத்தியமாக ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பேசவேண்டிய 24 அங்குலத் தக்கு மிருதங்கமா, பெண் குரலுக்கென்று ஐந்தரைக் கட்டையில் ஒலிக்கவேண்டிய 22 அங்குல ஹெச்சு மிருதங்கமா, பலாக்கட்டை புதிதா அல்லது வித்வான் கொண்டுவந்த பழையதா, வலந்தலையில் குச்சி செருகுவதா கப்பி இடுவதா, தொப்பியின் தோல் எவ்வளவு கனம் என்பன எல்லாம் வாசிப்பவருடைய விரலையும் பாணியையும் அறிந்து தீர்மானிக்கப்படுபவை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் கைக்கு எது இசையும் என்பதை, அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து அறிந்திருந்தார். அந்த ஞானம் ரசீதில் ஏறக்கூடியதன்று.

தேதியும் அப்படியே. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் தோல் எளிதில் காயாது. மார்கழிக் கச்சேரிக்கு வேண்டுமென்று ஐப்பசியில் வருகிறவருக்கு, கடைந்த கட்டைகள் எத்தனை கையிருப்பில் உள்ளன, தோல் மூட்டுகள் எத்தனை தயார், யார் யாருக்கு முன்னமே வாக்களித்தாயிற்று என்று பார்த்துச் சொன்னால்தான் சொன்ன சொல் நிற்கும்.

எல்லாவற்றினும் பிரதானமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. பொருளை ஒப்படைத்த அன்றே ஆர்டர் முடிந்ததாக மென்பொருள் குறித்துவிடுகிறது. மிருதங்கமோ, கரணை என்கிற கருஞ்சாந்து பெயர்ந்தும் வார் தளர்ந்தும் தோல் கிழிந்தும், தன்னைச் செய்த பட்டறைக்கே வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிச் சரித்திரம் வேண்டும். தகப்பனார் இட்ட கரணையின் விவரத்தை மகன் அதில் பார்த்தறிய வேண்டும்.

இது எட்டாத காரியமன்று. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருளில், ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் இட்டு, வேண்டிய விவரங்களுக்கான இடங்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருளிலேயே கணினி பயிலும் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யின் மாணவர்களுக்கும் இதைவிடத் தகுந்த பயிற்சி கிடைப்பது அரிது. அவர்கள் பட்டறையில் சில நாட்கள் உட்கார்ந்து, அங்கே வழங்கும் சொற்களையே தமிழிலும் மலையாளத்திலும் திரையில் ஏற்றித் தரட்டும்; கரணை மாவு அப்பிய கையோடு இருப்பவர் வாயால் சொன்னாலே பதிவாகும்படி செய்யட்டும்; அந்தப் பதிவுகள், சந்தா கட்டத் தவறினால் மறைந்துபோகாதபடி, பட்டறைக்காரருடைய சொத்தாக அவர் கைவசமே இருக்கட்டும்.